இருபத்தொரு நிமிடம் பற்றிய மேன்முறையீடு

தேனுகா சுதாகரன்,
நான்காம் ஒழுங்கை (உங்கள் வேலிக்கு இந்தப் பக்கம்),
மருதங்குளம், முல்லைத்தீவு.
வியாழக்கிழமை, பின்னேரம்.

திரு. க. ஐயாத்துரை அவர்கள்,
தலைவர், ஏற்பாட்டுக் குழு,
மருதங்குளம் மும்முனைப் போட்டி.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், அதே உடம்புக்குள் குடியிருக்கும் அன்பான பெரியப்பாவுக்கும்,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் நலம் என்பதை இன்று காலை நீங்கள் தொண்டையைச் செருமிய சத்தத்தில் அறிந்துகொண்டோம். பெரியம்மா நலம் என்பதை அந்தச் செருமலுக்கு அவர் சொன்ன பதிலில் அறிந்துகொண்டோம். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி மட்டும் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்கக்கூடாது. திங்கட்கிழமை இந்த விசயத்தை வாயால் சொல்லத்தான் வேலிக்கு மேலால் எட்டினேன். நீங்கள் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "பிள்ளை, எதெண்டாலும் எழுத்திலை தா. வாய்க்கதைக்குக் கோவை திறக்கேலாது" என்றீர்கள். முப்பத்தொரு வருடம் கச்சேரியில், அந்த அரச அலுவலகக் கோப்புகளுக்கு நடுவில், கடமையாற்றியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆகவே கோவையைத் திறவுங்கள்.

விசயம் இதுதான். வாசிகசாலைப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி முடிவுத்தாளில் இருபத்துமூன்று பேருடைய பெயர்கள் இருக்கின்றன. இருபத்திரண்டு பேர் "முடித்தவர்" என்ற நிரலில். அம்மா மட்டும், அதாவது உங்கள் சொந்த மச்சாள் சுதர்சினி, போட்டி இலக்கம் பதினேழு, "இடைநடுவில் கைவிட்டவர்" என்ற நிரலில், புதுக் குடியேற்றத்தில் முதல் கொட்டில் போட்டவர் மாதிரித் தன்னந்தனியாக இருக்கிறார். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் "பரவாயில்லை" என்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு நானும் பரவாயில்லை என்று விட்டுவிடத்தான் இருந்தேன். ஆனால் அம்மா இந்தப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர் என்பதை நீங்கள் ஒரு கணம் நினைக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை தங்கிய நாளில் இருந்து அது பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் கிளினிக்கை விடாதே, மாத்திரையை விடாதே, ஊசியை விடாதே என்று வீடு வீடாகச் சொல்வதுதான் அவருடைய தொழில். நேற்றுப் புதன்கிழமை கிளினிக்கில், விடுமுறை என்பதால் நானும் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன், ஒரு தாயிடம் அம்மா, "ஏன் பிள்ளை ஊசியை இடையிலை விட்டனீர்?" என்று கேட்டார். வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல், "மிஸ்ஸும் இடையிலை விட்டவா தானே. பலகையிலை கிடக்கு" என்றது. வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, ஓட்டச் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, கடதாசியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அலுமாரிக்கு மேல் போன எதுவும் இன்றுவரை கீழே இறங்கியதில்லை. அப்பாவின் மிருதங்கம் அங்கேதான் இருக்கிறது. அதற்குள் பல்லி மூன்று தலைமுறையாக வாழ்கிறது.

ஆகவே பதக்கம் வேண்டாம், கிண்ணம் வேண்டாம், அடுத்த புதன் கிளினிக்குக்கு முதல் அந்தத் தாளில் இருந்து அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். இதுதான் என் விண்ணப்பம். நான் எழுதுவதை நம்புவது உங்களுக்குக் கடினம் என்று தெரியும். போன பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஒலிபெருக்கியில் உங்கள் குரலில் பேசி, கயிறு இழுத்தலில் தோற்ற அணிக்கும் ஐஸ்கிரீம் உண்டு என்று அறிவித்தது நான்தான். முடிவுத்தாளில் உங்கள் கையொப்பத்துக்குப் பக்கத்தில் மீசை கீறியது நான் இல்லை, பேனா மட்டும் என்னுடையது. ஆனால் கீழே வருவதெல்லாம் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து என் இரண்டு கண்ணாலும் கண்டது.

முதலில் நேரத்தைப் பற்றி. துண்டுப்பிரசுரத்தில் காலை ஆறு மணி என்று போட்டிருந்தது. ஆவணி மாதம் இந்தப் பக்கத்து வெயிலுக்குப் பயந்துதான் ஆறு மணி வைத்தீர்கள், நல்ல யோசனை, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். ஐந்தரைக்கே அம்மா குளக்கட்டில் வந்து நின்றார். ஆறு மணிக்கு இருபத்துமூன்று பேரும் வந்துவிட்டார்கள். வராதவர் பிரதம விருந்தினர் மட்டும். ஏழு மணிக்கு அவர் புறப்பட்டுவிட்டார் என்று அறிவித்தீர்கள், ஏழரைக்கு அவர் புறப்படப் போகிறார் என்று அறிவித்தீர்கள். எட்டே முக்காலுக்கு வந்தார். மங்கள விளக்கு ஏற்றினார், சோளகக் காற்று அதை அணைத்தது, திரும்ப ஏற்றினார், திரும்ப அணைத்தது, ஐந்தாம் தரம் பெரியம்மா சேலைத் தலைப்பால் காற்றை மறித்துக்கொண்டு நின்றபடியால்தான் இந்தப் போட்டி நடந்தது. பதாகையில் "மாபெரும் மும்முனைப் போட்டி" என்று எழுதியிருந்ததைக் கண்டு தேர்தல் கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள் மட்டும் அறுபது பேர் இருப்பார்கள். முன்கதிரையில் இருந்த ஒரு ஐயா என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, மற்ற ரெண்டு கட்சியும் எங்கை?" என்று கேட்டார். "ஐயா, இது நீச்சல், சைக்கிள், ஓட்டம்" என்றேன். "எல்லாரும் அதுதானே செய்யினம்" என்றார். அதற்குப் பிறகு நீங்கள் தலைமையுரை ஆற்றினீர்கள். இருபத்திரண்டு நிமிடம். தலைப்பு, நேரம் தவறாமை. ஒன்பது இருபத்தைந்துக்குத்தான் விசில் ஊதப்பட்டது. ஆறு மணி வெயிலுக்குப் பயிற்சி எடுத்தவரை ஒன்பதரை மணி வெயிலுக்குள் இறக்கிவிட்டீர்கள் என்பதைக் கோவையில் குறித்துக்கொள்ளவும்.

இனி நீச்சல். அம்மா மாசி மாதத்தில்தான் நீந்தப் பழகத் தொடங்கினார் என்பது உங்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு அவர் முழங்காலுக்கு மேல் தண்ணீருக்குள் இறங்கியதில்லை என்பதும் தெரியும். ஏன் என்பதும் தெரியும், ஆகவே அதை நான் எழுதவில்லை. நாற்பத்துமூன்று வயதில் ஒரு டயர் டியூப்போடு விடியற்காலையில் குளத்தில் இறங்கினார். அப்பா கரையில் நின்று கயிறு பிடிப்பார், கயிற்றின் மறுமுனை அம்மாவின் இடுப்பில். அந்த வழியால் பால் கொண்டுபோகிறவர் ஒருநாள் நின்று, "என்ன சுதாகரன், புது எருமையோ?" என்று கேட்டார். அம்மா தண்ணீருக்குள் இருந்தே பதில் சொன்னார். அன்றிலிருந்து அவர் வேறு வழியால் போகிறார். சித்திரையில் டியூப் போனது, வைகாசியில் கயிறு போனது, ஆனியில் அப்பாவும் வீட்டில் நித்திரை கொள்ளத் தொடங்கினார். போட்டி நாளன்று குளம் எந்த நிலையில் இருந்தது என்பதைத் தலைவர் அவர்கள் மறந்திருக்க மாட்டார். மழை இல்லாமல் வற்றி, பாதித் தூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர், மீதிக்கு எருமைகள். வவுனியாவில் இருந்து வந்த கம்பஸ் பெடியள் எழும்பி நடந்தார்கள். ஒருவர் நடந்துகொண்டே போனில் கதைத்தார். அம்மா மட்டும் ஐந்நூறு மீற்றரும் நீந்தினார், வயிறு சேற்றில் முட்டிய இடத்திலும் நீந்தினார். பிறகு கேட்டேன். "ஒருக்கால் காலை ஊண்டினால் பிறகு எடுக்கமாட்டன் எண்டு தெரியும்" என்றார். நடந்தவர்கள் "முடித்தவர்". நீந்தியவர் "கைவிட்டவர்". நான் ஒன்றும் சொல்லவில்லை.

கரையேறி, பெரியம்மா பிடித்த துவாய்க்குப் பின்னால் உடுப்பு மாற்றி, முன்னால் கூடை வைத்த தன் பெண்கள் சைக்கிளில் ஏறி அம்மா பத்து மீற்றர் போயிருப்பார். அப்போது, "சுதர்சினி, நில், நில்" என்று ஒரு குரல். அது யாருடைய குரல் என்று நான் சொல்லத் தேவையில்லை, நான் செய்து காட்டவும் முடியும். பிரதம விருந்தினர் கொடி அசைத்தது படத்தில் விழவில்லையாம். "ஒருக்கால் திரும்ப வந்து ஏறு பிள்ளை, கொஞ்சம் சிரி" என்றீர்கள். அம்மா திரும்ப வந்தார், ஏறினார், சிரித்தார். படக்காரர் கண் மூடிவிட்டது என்றார். திரும்ப ஏறினார். இதற்கு மூன்று நிமிடம். இந்த மூன்றை நினைவில் வைக்கவும், பின்னால் கணக்கு வருகிறது.

வற்றாப்பளைப் பக்கம் போய்த் திரும்பும் இருபது கிலோமீற்றர். எதிர்க்காற்று. தார் றோட்டு உருகி டயரைப் பிடித்துப் பிடித்து விட்டது. அப்பாவும் நானும் இருபது மீற்றர் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனோம், உதவி செய்ய இல்லை, சும்மா மனவருத்தப்பட. ஏழாவது கிலோமீற்றரில் அம்மாவின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்ததைக் கண்ட அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் கொண்டுபோய் ஒரு போத்தல் தண்ணீரை அம்மாவின் தலையில் ஊற்றினார். எங்களுக்குப் பின்னால் வந்த உங்கள் மேற்பார்வையாளர் உடனே கொப்பியை எடுத்து "வெளியார் உதவி" என்று எழுதினார். பெரியப்பா, இருபது வருடமாகக் கட்டின மனுசன் வெளியாரா? அப்படியென்றால் அதை அப்பாவுக்கு யாராவது முதலில் அறிவித்திருக்க வேண்டும், அவர் இன்னும் வீட்டில்தான் சாப்பிடுகிறார். மேலும் அது உதவியே இல்லை. அந்தப் போத்தல் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் வெந்திருந்தது, தேயிலை போட்டிருந்தால் சாயம் இறங்கியிருக்கும். "என்னப்பா, உயிரோடை அவிக்கிறியளோ?" என்று அம்மா கேட்டதை மேற்பார்வையாளரும் கேட்டார். அதை மட்டும் அவர் எழுதவில்லை. திரும்பும் இடத்துக்குக் கிட்ட ஒரு மாட்டுப்பட்டி றோட்டைக் கடந்தது. நூற்றிருபது மாடு இருக்கும். கடைசி மாடு நடு றோட்டில் நின்று அம்மாவைப் பார்த்து யோசித்தது. நான்கு நிமிடம். இதையும் நினைவில் வைக்கவும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். போட்டிக்குக் கதிரை, மேசை ஏற்றும் உழவு இயந்திரக்காரர் பழனியாண்டி ஐயாவின் மருமகள் ராஜினி அக்காவை உங்களுக்குத் தெரியும். அவருடைய கடைசிப் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் போட வேண்டிய ஊசி, பிள்ளைக்கு ஒரு வயதாகியும் போடவில்லை. மூன்று மாதத்தில் அம்மா பதினொரு தரம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மாவின் ஸ்கூட்டர் ஒழுங்கை முனையில் திரும்பும்போதே அந்தச் சத்தத்தில் ஆளைப் பிடித்துவிட்டு, ராஜினி அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் போய்விடுவார். பதினொரு தரமும் அம்மாவை வரவேற்றது ஒரு கோழியும், அடுப்பில் பொங்கி வழிகிற சோறும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் இல்லை. சைக்கிளுக்குச் சத்தமும் இல்லை. தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மீதியெல்லாம் துவாய்க்குப் போகாத குளத்துச் சேறு. ராஜினி அக்கா படலைக்கு வெளியில், வேப்பமரத்துக்குக் கீழே, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரோ கொழும்பு ஆள் வருகிறார் என்று கைதட்டினார். "டாட்டா காட்டு, அக்காவுக்கு டாட்டா காட்டு" என்று பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டினார். கொழும்பு ஆள் பிரேக் பிடித்தார், சைக்கிளை வேலியில் சாத்தினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ராஜினி."

"ஐயோ மிஸ், நீங்களா? நான் இந்தப் புதன் வரலாம்னுதான் இருந்தேன்."

"எந்த வருசத்துப் புதன்?"

"சத்தியமா மிஸ். போன புதன் ஆட்டுக்கு முடியாமப் போச்சு."

"அதுக்கு முந்தின புதன்?"

"அதுவும் அந்த ஆடுதான் மிஸ்."

அம்மா வேப்பமரத்தடியில் கிடந்த மரக்குற்றியில் இருந்துவிட்டார். "ஆடு கிடக்கட்டும். உமக்கு என்ன?" என்றார். ராஜினி அக்கா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினார். பிறகு, "போன ஊசிக்கு மூணு நாள் காய்ச்சல் மிஸ். இவரு வேலைக்கு மன்னார் போயிட்டாரு. புள்ள உடம்பு நெருப்பா கொதிக்குது, நான் ஒத்தையா மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். மறுபடி அப்படி ஒக்கார எனக்குத் தைரியம் இல்ல" என்றார். அம்மா பிள்ளையை வாங்கினார். பிள்ளை வேர்வையில் ஈரமான சட்டையைத் தொட்டுப் பார்த்து, நல்லாயிருக்கிறது என்று கண்டு, முகத்தை அதில் அழுத்திக்கொண்டது. "காய்ச்சல் வந்தால் எனக்கு போன் எடும். எந்த நேரமெண்டாலும் வந்து பக்கத்திலை இருக்கிறன்" என்று அம்மா சொன்னார்.

நான் பின்னால் நின்று, "அம்மா, போட்டி" என்று கத்தினேன். அப்போது அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்: "தேனுகா, போட்டிகள் வரும், போகும். ஆனால் ஒரு குழந்தையின் நாளைய தினம் இன்றைக்கே தொடங்கிவிடுகிறது." அப்பாவும் கேட்டார். அவரிடம் விசாரிக்க வேண்டாம், அவர் உணர்ச்சிவசப்படுவார். இதற்கு எல்லாமாகப் பதினான்கு நிமிடம். நேற்று ராஜினி அக்கா கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் முதல் ஆள். தலைவர் அவர்களே, தன் சொந்த வெற்றியை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு ஒரு பிள்ளைக்காக நின்ற ஒருவரை எந்த நிரலில் போடுவது என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன், அதுவும் கச்சேரியில் இருந்து ஓய்வு பெற்றிருக்காது என்று நம்புகிறேன்.

ஓட்டத்தை அம்மா தொடங்கும்போது பதினொன்று முப்பத்தெட்டு. மற்ற இருபத்திரண்டு பேரும் முடித்துவிட்டுச் சாப்பாட்டுப் பார்சல் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். குளக்கட்டில் ஐந்து கிலோமீற்றர். மூன்று தண்ணீர்ப் பந்தல் இருந்தன. முதலாவதில் தண்ணீர் முடிந்து குவளை இருந்தது. இரண்டாவதில் குவளை முடிந்து தண்ணீர் இருந்தது, அம்மா வாளியோடு தூக்கிக் குடித்தார். மூன்றாவதில் பந்தலே முடிந்துவிட்டது, நான்கு குழி மட்டும் இருந்தது. குளக்கட்டில் மோட்டார் சைக்கிள் விடக்கூடாது என்றபடியால் நான் இறங்கி அம்மாவோடு செருப்போடு ஓடினேன். அரைக் கிலோமீற்றரில் எனக்கு வயிற்றைப் பிடித்துவிட்டது. எனக்குப் பதினாறு வயது, பெரியப்பா. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். பின்னால் நடந்துகொண்டு பார்த்தேன். ஒரு மருதமரத்தில் இருந்து அடுத்த மருதமரம் வரை ஓடுவார், அடுத்தது வரை நடப்பார், திரும்ப ஓடுவார். நடுவில் பன்னிரண்டு பத்துக்கு, எல்லை நேரம் முடிந்ததென்று நீங்கள் கடைசி விசில் ஊதியது தண்ணீருக்கு மேலால் தெளிவாகக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அது நடந்து கடக்கிற மரம். அதை ஓடினார்.

முடிவுக்கோட்டில் பதாகை இல்லை, அவிழ்த்துச் சுருட்டியாகிவிட்டது. சுண்ணாம்புக் கோடு இருந்தது. அந்தக் கோட்டின் மேல் கதிரை ஏற்றுகிற உழவு இயந்திரம் நின்றது. அம்மா வருவதைக் கண்டு பழனியாண்டி ஐயா கையில் இருந்த கதிரைகளைக் கீழே வைத்தார். "இருங்கம்மா, வண்டி கோட்ட மறிச்சிக்கிட்டு நிக்குது" என்று ஏறி இயந்திரத்தை எடுக்கப் பார்த்தார். அது ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. திரும்ப முயன்றார். அதுவரைக்கும் அம்மா பக்கத்தால் சுற்றிப் போகாமல், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி ஓடிக்கொண்டு நின்றார். இயந்திரம் நான்கு அடி நகர்ந்தது. அம்மா கோட்டைக் கடந்தார். பன்னிரண்டு முப்பத்தொன்று. பழனியாண்டி ஐயா ஏற்றிய கதிரைகளில் ஒன்றை இறக்கிப் போட்டு, துண்டால் துடைத்து, "ஒக்காருங்கம்மா" என்றார். கைதட்டியவர்கள் அவரும், நானும், ஓடி வந்த அப்பாவும். நீங்கள் அந்த நேரம் கொட்டிலுக்குப் பின்னால் பொரித்த மீனோடு இருந்தீர்கள். அதில் நான் குற்றம் காணவில்லை, மீன் நல்ல மீன்.

இனிக் கணக்கு. எல்லை நேரம் பன்னிரண்டு பத்து. அம்மா வந்தது பன்னிரண்டு முப்பத்தொன்று. பிந்தியது இருபத்தொரு நிமிடம். ராஜினி அக்காவுக்குப் பதினான்கு, மாட்டுக்கு நான்கு, உங்கள் படத்துக்கு மூன்று. கூட்டிப் பாருங்கள். சரியாக இருபத்தொன்று. ஆகவே அம்மா சட்டப்படி பன்னிரண்டு பத்துக்கே வந்துவிட்டார், உடம்பு மட்டும் பிறகு வந்தது. திங்கட்கிழமை வேலியில் இதைச் சொல்லத் தொடங்கியபோது, எழுத்தில் கேட்க முதல், நீங்கள், "படிவத்திலை ரெண்டு நிரல்தான் பிள்ளை இருக்கு. முடிச்சவை, விட்டவை. அவா நேரத்துக்கு வரேல்லை, அப்ப எங்கை போடுறது?" என்றீர்கள். பெரியப்பா, அம்மா எதையும் கைவிடவில்லை. சைக்கிளில்கூடக் கைவிட்டு ஓடவில்லை. அப்படி ஓடிக்காட்டியவர் இரண்டாம் இடம் வந்த பெடியன், அந்த நிரலில் போடுவதென்றால் அவரைப் போடுங்கள்.

இத்துடன் முடிக்கிறேன். பெரியம்மாவுக்கு என் அன்பு, விளக்கை மறித்த சேலைத் தலைப்பில் கருகல் போய்விட்டதா என்று கேட்டதாகச் சொல்லவும். உங்கள் வாழை குலை தள்ளட்டும், உங்கள் முழங்கால் நோ குறையட்டும், உங்கள் விசிலுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கிறேன். அதுவும் எழுத்தில் வந்தால் நல்லது.

இங்ஙனம்,
படிவங்களுக்குக் கீழ்ப்படிவுள்ள பெறாமகள்,
தேனுகா.

பி.கு.: இந்தக் கடிதத்தை மடிக்க முதல் அம்மா வேலை முடிந்து வந்துவிட்டார். கடிதத்தைப் பறித்துக் குசினி வாசலில் நின்றபடியே முழுக்க வாசித்தார். மாடு வரும் இடத்தில் சிரித்தார். வேப்பமரம் வரும் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எடி, நான் எங்கை ராஜினியைக் கண்டு நிண்டனான்?"

"நீங்கள் பிரேக் பிடிச்சதை நான் கண்டனான் அம்மா."

"நான் நிழலைக் கண்டு நிண்டனான். அதிலை வரேக்கை எனக்குக் கால் ரெண்டும் ஏலாமல் போட்டுது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதிலை இறங்கிப் படுத்தால் ஊரே பாக்கும், என்ன செய்யிறதெண்டு நிமிர, மரத்துக்குக் கீழை அவள் நிக்கிறாள். அவளைப் பேசிக்கொண்டு இருந்தால் இருக்கிறதுக்கு ஒரு மரியாதை கிடைக்கும். அவள் இல்லாட்டி அந்தக் கோழியையாவது பிடிச்சு நிறை பாத்திருப்பன்."

"அப்ப ஊசி?"

"ஊசிக் கதை ரெண்டு நிமிசம். மிச்சம் பன்ரண்டும் மூச்சு வாங்கினனான். அவள் தன்ரை பயத்தைச் சொன்ன பிறகுதான் எனக்கு ஊசியே ஞாபகம் வந்தது. போட்டிகள் வரும், போகும் எண்டு நான் எப்பயடி சொன்னனான்? தண்ணிப் போத்தலைத் தா எண்டெல்லோ சொன்னனான்."

ஆகவே தலைவர் அவர்களே, மேலே உள்ள தியாகம் முழுவதையும் வாபஸ் பெறுகிறேன். பதினான்கு நிமிடத்தையும் திருப்பித் தருகிறேன். மேன்முறையீட்டைக் கிழிக்கத்தான் போனேன். அம்மா விடவில்லை. பேனாவைக் கேட்டார். கீழே இருப்பது அவருடைய எழுத்து, நான் கை வைக்கவில்லை.

அத்தான், இவளுடைய கணக்கைப் பார்க்க வேண்டாம். படத்துக்கு நிற்பாட்டியதற்கும் மாட்டுக்கும் எனக்கு ஒரு நிமிடமும் கழிக்க வேண்டாம். வெயில் எல்லோருக்கும் ஒரே வெயில்தான். நான் இருபத்தொரு நிமிடம் பிந்தித்தான் வந்தனான். ஆனால் வந்தனான். படிவத்தில் இடம் இல்லாவிட்டால் அடிமட்டம் வைத்து மூன்றாவது நிரல் ஒன்று கீறி, பிந்தி முடித்தவர் என்று போட்டு, அதில் என் பெயரை எழுதிவிடுங்கோ. புதன்கிழமை எட்டு மணிக்குக் கிளினிக் திறக்கும், அதற்கு முதல் ஒட்டினால் நல்லது. – சுதர்சினி.